சாயம் போகும் வழி

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அலமாரியில் நாற்பது குர்த்திகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் பாலியெஸ்டர். துணித் தொழில் ஆற்றையும் மண்ணையும் கெடுப்பதைப் படித்ததிலிருந்து மனசு உறுத்துகிறது. எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டு, இனி ஆர்கானிக் பருத்தி மட்டும் வாங்கலாமா? ஃபேஷனும் சுற்றுச்சூழலும் ஒத்துப்போகுமா? நான் ஒருத்தி மாறி என்ன ஆகப்போகிறது?

ச.

அன்புள்ள ச.,

கொடுக்காதீர்கள். அந்த நாற்பதுக்கான தண்ணீரும் சாயமும் மின்சாரமும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. புதிதாக வாங்கினால் ஆர்கானிக்குக்கும் அந்தச் செலவு உண்டு.

ஆர்கானிக் என்பது வயலைப் பற்றிய சொல். பஞ்சு எப்படி விளைந்தது என்று சொல்லும். சாயம் எங்கே ஏற்றினார்கள் என்று சொல்லாது. ஜி.ஓ.டி.எஸ். என்ற, ஆர்கானிக் துணிக்கான உலகத் தரமுத்திரை இருந்தால் சாயமும் கழிவுநீரும் கணக்கில் வரும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதைப் பாருங்கள்.

சாயத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றால்தான். பருத்தியில் ரியாக்டிவ் சாயம், அதாவது இழையோடு பிணைந்துகொள்ளும் சாயம், ஏற உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். சாயம் பெரும்பாலும் துணியில் தங்கும், உப்பு தங்காது. அலசும் தண்ணீரோடு போய்விடும். வழக்கமான சுத்திகரிப்பில் நிறத்தைக் குறைக்கலாம், கரைந்த உப்பு அப்படியே இருக்கும். திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர் வருஷக்கணக்கில் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுக் குட்டையாகிவிட்டது. அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே சொன்ன கொடுமை அங்கே நடந்தது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திரும்ப ஓட்டலாம். அதாவது தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டி, அப்புறம் மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கும் இயந்திரம். தண்ணீரும் உப்பும் மீண்டும் பட்டறைக்கே வரும். கடைசியில் மிஞ்சும் கசடை என்ன செய்வது என்பது தனித் தலைவலி.

ஆக, ஒத்துப்போக வைக்கலாம், செலவு செய்தால். அதைச் செய்ய வைத்தது விவசாயிகள் போட்ட வழக்கு. கடையில் துணி வாங்கியவர்களின் நல்ல மனசுக்கு அதில் பெரிய பங்கில்லை. இதை மறைத்து உங்களைத் தட்டிக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தச் செலவை யாரோ தாங்க வேண்டும். நூற்றைம்பது ரூபாய் டி-ஷர்ட்டை மாதத்துக்கு ஒன்று வாங்கிக்கொண்டிருந்தால் அது பட்டறையின் தலையில்தான் விழும். நான்கு மலிவுக்குப் பதில் ஒன்று, கொஞ்சம் விலை கூட. உங்கள் கையில் இருப்பது அவ்வளவுதான், அது குறைவும் இல்லை.

வெளிநாட்டுக் குறிப்புகளில் அடிக்கடி துவைக்காதே என்று எழுதுகிறார்கள். நம் ஊர் சித்திரை வியர்வையை அவர்கள் பார்த்ததில்லை. துவையுங்கள், உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். வெளுக்காமல் இருந்தாலே இரண்டு வருஷம் கூட உழைக்கும். ஜிப் போனால் தையல்கடைக்குப் போங்கள்.

பருத்தி கிழிந்தால் கரித்துணியாகும். உங்கள் பாலியெஸ்டர் அதற்கும் ஆகாது, ஈரத்தை இழுக்காது. அதனால்தான் சொல்கிறேன், இன்னும் நான்கு தீபாவளிக்கு அதைக் குர்த்தியாகவே ஓட்டுங்கள்.