கார்டு சேர்கிறது, வேலை வருவதில்லை

கேள்வி: சிறுதொழில் செய்கிறேன். தொழில் கூட்டங்களுக்குப் போனால் விசிட்டிங் கார்டு கட்டுக்கட்டாகச் சேர்கிறது, வேலைதான் வருவதில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: கார்டு வாங்கியதோடு நிறுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு கூட்டத்தில் மூன்று நான்கு பேரிடம் நிதானமாகப் பேசினாலே போதும். உங்கள் பொருளைப் பற்றி ஆரம்பிக்காமல், அவர் தொழிலில் இப்போது எது சிக்கலாக இருக்கிறது என்று விசாரியுங்கள், சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள், நகர்ந்து வந்ததும் அந்தக் கார்டின் பின்னாலேயே ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போவதற்குள் முகமும் பெயரும் குழம்பிவிடும். அப்புறம் ஓரிரு நாளுக்குள் அந்த விஷயத்தைக் குறிப்பிட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். எல்லோருக்கும் ஒரே செய்தி வேண்டாம், பெறுபவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று, தெரிந்தவர்களோடு மட்டும் நின்று பேசாதீர்கள். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைப் பற்றி சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் பெரும்பாலோருக்கு உதவியவர்கள் அடிக்கடி சந்திக்காத ஆட்கள்தான். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும், எப்போதாவது பார்ப்பவரிடம்தான் புதுத் தகவல் இருக்கும். அடுத்த கூட்டத்தில் தனியாக நிற்பவரிடம் முதலில் போய்ப் பேசிப் பாருங்கள்.