பல்லாங்குழியை விட்டுப் பிள்ளைகள் எழுந்து போகிறார்களே, என்ன செய்வது?

கேள்வி: மார்த்தாண்டத்துக்கு அருகே வசிக்கிறேன். கணவர் சவூதி அரேபியாவில் வேலை செய்கிறார். 13 வயது மகன், 9 வயது மகள், 70 வயதைக் கடந்த மாமியார் ஆகியோருடன் இருக்கிறேன். அலுவலக வேலையும் வீட்டு வேலையும் முடிந்து இரவானால் எரிச்சலும் தலைவலியும்தான் மிஞ்சுகின்றன. சிறுவயது விளையாட்டுகளைக் குடும்பமாக விளையாடினால் மன அழுத்தம் குறையும் என்று கேள்விப்பட்டு, ஓணம் விடுமுறையில் மச்சில் கிடந்த பல்லாங்குழியை எடுத்தேன். பத்தே நிமிடத்தில் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். “எங்க காலத்துல இப்படியா?” என்று மாமி வருந்தினார். எனக்கு முன்பைவிடச் சோர்வாகிவிட்டது. இதில் உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்: பயன் உண்டு. ஆனால் அந்தப் பல்லாங்குழியைச் சுற்றி உட்கார்ந்த நால்வருக்கும் அது ஒரே பொருளாக இருக்கவில்லை. உங்களுக்கும் மாமிக்கும் அது ஒரு முற்றத்தையும் சில முகங்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. உங்கள் மகளுக்கோ அது குழிகள் உள்ள மரப்பலகை. தன்னிடம் இல்லாத ஒரு நினைவுக்காக அவளால் ஏங்க முடியாது.

பழைய நாள்களுக்கும் ஊருக்கும் ஏங்குவதற்கு 1688-இல் மருத்துவப் பெயரிட்ட சுவிட்சர்லாந்து மாணவர் யோகான்னஸ் ஹோஃபர் அதை ஒரு நோயாகவே எழுதினார். நெடுங்காலம் அந்த எண்ணமே நிலைத்திருந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் ஆகியோர் தம் குழுவினருடன் 2006-இல் வெளியிட்ட ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. தனிமையோ வருத்தமோ மேலிடும்போது மனிதர்கள் பழைய நினைவுகளைத் தேடிப் போகிறார்கள். அந்த நினைவுகளில் பெரும்பாலும் நெருங்கியவர்களே நிறைந்திருக்கிறார்கள். நினைத்து முடிக்கும்போது, தமக்கென்று மனிதர்கள் உண்டு என்ற உணர்வு வலுப்படுகிறது. ஆகவே உங்களுக்கு ஆறுதல் தரக்கூடியது அந்தப் பலகையைவிட, அதை உங்களுக்குக் கற்றுத் தந்தவரின் நினைவுதான். அதை வாய்விட்டுச் சொன்னால் மட்டுமே பிள்ளைகளுக்கு அதில் பங்கு கிடைக்கும்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் ஆகிய உளவியலாளர்கள், பாட்டாவும் பாட்டியும் எங்கே வளர்ந்தார்கள் என்பது போன்ற 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டபோது, குடும்பக் கதைகளை அதிகம் அறிந்தவர்களிடம் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தது. கதை சொன்னதுதான் காரணம் என்று இது நிறுவிவிடாது; பேசிக்கொள்ளும் குடும்பம் என்பதே காரணமாகவும் இருக்கலாம். எப்படியானாலும், “எங்க காலத்துல” என்ற ஒப்பீட்டைக் கேட்கும் பிள்ளைக்குத் தன் காலம் குறையுள்ளது என்ற தீர்ப்புதான் காதில் விழுகிறது. அதே மாமி, “நான் தோற்றுப்போய் முத்துகளை வாரி முற்றத்தில் எறிந்துவிட்டேன், என் அம்மை அடிக்க ஓடி வந்தாள்” என்று சொன்னால் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். குறும்பு, தோல்வி, பயம் ஆகியவற்றை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

இனி விளையாட்டுக்கு வருவோம். பல்லாங்குழியில் பக்கத்துக்கு 7 ஆக 14 குழிகள். ஓர் ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்குத் தம் குழிகளை நிரப்ப முத்து போதாமல் சில குழிகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பது பழைய விதி. பெரியவர்களுக்கு அது விறுவிறுப்பு. புதிதாகக் கற்கும் 9 வயதுக் குழந்தைக்கோ தோல்வி மேல் தோல்வி. முதல் சில வாரங்களுக்கு அந்த விதியை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் குழிக்கு ஐந்து முத்து வைத்துச் சமமாகத் தொடங்குங்கள். குழியில் நான்கு முத்து சேர்ந்ததும் ‘பசு’ என்று எடுக்கும் விதியை மட்டும் விடாதீர்கள், எதிராளி கவனிக்கும் முன் “பசு!” என்று கத்தும் இடத்தில்தான் பிள்ளைகளுக்குச் சிரிப்பு பிறக்கிறது.

உங்கள் கணவரையும் இதில் சேர்க்க முடியும். சவூதியில் வெள்ளிக்கிழமை விடுமுறை. நமக்கு இரவு 7.30 ஆகும்போது அங்கே மாலை 5 மணி. கைப்பேசியைப் பலகை தெரியும்படி சாய்த்து வைத்து, “மூணாம் குழியை எடு மக்களே” என்று அவர் சொல்ல, மகன் அவருக்காக முத்துகளைப் போடட்டும். ‘சாப்பிட்டாயா, படித்தாயா’ என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடும் வெளிநாட்டு அழைப்புகளை நிறையக் கேட்டிருக்கிறேன். தந்தைக்கும் மகனுக்கும் சேர்ந்து செய்ய ஒரு காரியம் இருந்தால் பேச்சு தானாக வரும்.

பதின்மூன்று வயதுப் பையன் இதில் நெடுநேரம் உட்காருவான் என்று எதிர்பார்க்காதீர்கள். அவனுக்குத் தென்னோலையைக் கொடுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு வீட்டில், ஓலைப்பந்து எப்படிச் செய்வது என்று பேரன் கேட்டபோது பாட்டியால் சொல்லத் தெரியவில்லை. ஈர்க்கு நீக்கிய ஓலையைக் கையில் கொடுத்ததும் விரல்கள் தாமாக மடித்தன. “நிறுத்து பாட்டி, அந்த இடத்தை மறுபடி காட்டு” என்று அவன் கேட்கும்போதெல்லாம் நடுவில் தொடர முடியாமல் முழுவதையும் பிரித்து முதலிலிருந்து தொடங்கினார். கை பழகிய வித்தை அப்படித்தான் நினைவில் தங்கும். அன்று அந்த இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியவர்களின் நினைவு எல்லாமே இனிப்பாக இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. வயதுக்கு வந்த நாளோடு கிளித்தட்டும் நொண்டியும் நிறுத்தப்பட்ட பெண்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். மாமியின் வருத்தத்தில் அதுவும் கலந்திருக்கலாம், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். 2004 சுனாமியிலோ 2017 ஒக்கிப் புயலிலோ உற்றாரை இழந்த நம் கடற்கரைக் குடும்பங்களில், கடற்கரை மணலில் விளையாடிய கதை பாதியில் நின்றுவிடலாம். அப்போது தூண்டித் துருவாமல், கூட இருந்தாலே போதும்.

உங்களைப் பற்றியும் ஒரு சொல். இதை இன்னொரு கடமையாக்கிக்கொண்டால் அழுத்தம் கூடத்தான் செய்யும். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம் போதும். அன்று இரவுச் சாப்பாடு பழங்கஞ்சியாகவே இருக்கட்டும். தூக்கமின்மையும் எரிச்சலும் இரண்டு வாரங்களுக்கு மேல் விடாமல் நீடித்தாலோ, வாழ்வில் பிடிப்பில்லை என்ற எண்ணம் வந்தாலோ விளையாட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை அழைத்து, 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளை அழைக்காமல் நீங்களும் மாமியும் மட்டும் ஆடத் தொடங்குங்கள். முத்து விழும் சத்தத்துக்கு மகள் வந்து எட்டிப் பார்ப்பாள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் முத்துக்குக் குன்றிமணி வேண்டாம், மென்றால் அது கொடிய நஞ்சு. புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து மகளையே எண்ணச் சொல்லுங்கள். கணக்குக்கு 70 தேவை. கட்டிலுக்கு அடியில் உருண்டு போகிறவற்றுக்காக இன்னும் ஐந்தாறு சேர்த்து வைத்துக்கொள்ளட்டும்.