மன்னிப்பு கேட்டு ஜெபம் பண்ணியும் மனசுல சந்தோஷம் வரலையே, ஏன்?

இதே கேள்வியோட நானும் ஏழெட்டு மாசம் சுத்துனவன், அதனால எனக்கு நடந்ததை மட்டும் சொல்றேன், பிரசங்கம் இல்ல.

ஆபீஸ்ல நான் தப்பா அனுப்பின ஃபைலுக்கு கூட வேலை பாத்தவர் திட்டு வாங்குனார், நான் வாயைத் தொறக்கல. அதுக்கப்புறம் அவர் சீட்டைத் தாண்டிப் போறப்பல்லாம் சும்மாவே போனை நோண்டிக்கிட்டு போவேன். ராத்திரியானா "ஆண்டவரே, தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்ச பாவத்தை மன்னியும்"னு ஒரே ஜெபம். இதுல தெரியாம செஞ்சது எங்க இருக்கு, முழுசா தெரிஞ்சேதான் செஞ்சேன்!

ஒருநாள் பைபிள்ல 1 சாமுவேல் 15ஆம் அதிகாரம் படிச்சிட்டு இருந்தேன். கர்த்தர் சொன்னதை மீறின சவுல் ராஜாவும் "பாவஞ்செய்தேன்"னுதான் சொல்றான், ஆனா கூடவே ஜனங்களுக்குப் பயந்துட்டேன்னு ஒரு சாக்கு, அப்புறம் மூப்பர்கள் முன்னாடி என்னை கனம்பண்ணுங்கன்னு ஒரு கோரிக்கை வேற. அவனுக்கப்புறம் ராஜாவான தாவீது பண்ணது அதைவிட கேவலம், அடுத்தவன் பொண்டாட்டியை எடுத்துக்கிட்டு புருஷனையும் சாகடிச்சவன், ஆனா நாத்தான் தீர்க்கதரிசி வந்து மூஞ்சிக்கு நேரா சொன்னதும் கர்த்தருக்கு விரோதமா பாவம் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டதோட சரி, "ஆனா"ங்கிற வார்த்தையே கிடையாது. என் ஜெபம் அப்படியே சவுல் ஜெபம்னு அப்பதான் உறைச்சுது.

32ஆம் சங்கீதத்துல ஒண்ணு கவனிங்க. பாவம் மூடப்பட்டவன் பாக்கியவான்னு ஆரம்பிக்குது, ரெண்டு வசனம் தாண்டினா அடக்கி வச்சப்ப என் எலும்பெல்லாம் உலர்ந்துபோச்சுன்னு புலம்பல். நாமளா மூடினா உலருது, ஆண்டவர் மூடினாத்தான் பாக்கியம், அவர் மூடணும்னா நாம கையை எடுக்கணும்ல.

அன்னைக்கு ராத்திரி வெளிப்படையா சொன்னேன், "என் நல்ல பேருக்காக இன்னொருத்தரை மாட்டி விட்டேன்"னு. வாயால சொல்றப்ப கூசுச்சு. சொல்லி முடிச்சதும் அழுகைதான் வந்துச்சு, ஆனா அந்த அழுகைக்குள்ளயே ஒரு லேசான சந்தோஷம், எப்படி சொல்றதுன்னே தெரியல, வேஷத்தைக் கலைச்சிட்டு உக்காந்த மாதிரி. இனிமே ஆண்டவர்கிட்ட நல்லவனா நடிக்க வேண்டியதில்லையே.

அடுத்த வாரம் மேனேஜர்கிட்டயும், திட்டு வாங்குனவர்கிட்டயும் சொன்னேன். திட்டு வாங்குனவர் "எனக்கு அப்பவே தெரியும்"னார், அவ்ளோதான். இன்னும் பழைய மாதிரி பேசறதில்ல, அது அவர் இஷ்டம். நான் மட்டும் இப்ப அவர் சீட்டைத் தாண்டுறப்ப போனை பாக்கெட்ல போட்டுட்டு, நிமிந்து ஒரு குட்மார்னிங் சொல்லிட்டுப் போறேன்.