செயலியின் குறுக்குவிசைகளைப் பயனரே மாற்றிக்கொள்ளும்படி அமைப்பது எப்படி?

மேசைக்கணினிச் செயலியில் ஒவ்வொரு செயலுக்கும் உரிய குறுக்குவிசையை (கன்ட்ரோல்+எஸ் போன்ற விசைச் சேர்க்கையை) பயனர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள வழி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் க்யூட்டி (Qt) என்னும் செயலி உருவாக்கும் கருவித்தொகுப்பைப் பயன்படுத்துவதாகச் சொல்லியிருப்பதால் அதை வைத்தே விளக்குகிறேன்.

விசையை நேரடியாகச் செயலோடு கட்டாமல், இரண்டுக்கும் நடுவே 'கோப்பு.சேமி' என்பது போன்ற மாறாத அடையாளப்பெயர் ஒன்றை வையுங்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது மெனுவில் தெரியும் சொல்லையே அடையாளமாகக் கொண்டேன். அடுத்த பதிப்பில் 'சேமி' என்பதைக் 'கோப்பைச் சேமி' என்று திருத்தியதும், அந்தச் செயலுக்குப் பயனர்கள் அமைத்திருந்த விசை எவருக்கும் கிடைக்காமல் போயிற்று. திரையில் தெரியும் சொற்கள் மாறும், மொழிபெயர்க்கப்படும். ஆகவே அடையாளப்பெயர் அவற்றிலிருந்து முற்றிலும் விலகியிருக்க வேண்டும். அந்தப் பெயரை, க்யூட்டியில் ஒரு செயலைக் குறிக்கும் க்யூஆக்‌ஷன் பொருளின் ஆப்ஜெக்ட்நேம் பண்பில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, சேமிப்பு. முழுப் பட்டியலையும் அமைப்புக் கோப்பில் எழுதாமல், பயனர் மாற்றியவற்றை மட்டும் எழுதுங்கள்; விஎஸ் கோட் என்னும் நிரல் திருத்தி செய்வதும் இதுவே. அப்போதுதான் புதிய பதிப்பில் நீங்கள் மாற்றும் இயல்புநிலை விசைகள், தாமாக எதையும் மாற்றாத பயனர்களைச் சென்றடையும். இங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு: ஒரு செயலுக்கு விசையே வேண்டாம் என்று பயனர் நீக்கினால் அதை வெற்று மதிப்பாக எழுதி வைக்க வேண்டும். பதிவு இல்லாததையும் பதிவு வெறுமையாக இருப்பதையும் நிரல் ஒன்றாகக் கருதினால், நீக்கிய விசை மறுமுறை திறக்கும்போது திரும்ப வந்துவிடும். விசைகளை, விசைச் சேர்க்கைகளைக் கையாளும் க்யூட்டி வகுப்பான க்யூகீசீக்வென்ஸின் போர்ட்டபிள்டெக்ஸ்ட் வடிவில் எழுதினால், அதே கோப்பு வேறு இயங்குதளத்திலும் சரியாகப் படிக்கப்படும்.

மோதலைப் பதிவுசெய்யும் நேரத்திலேயே பிடித்துவிடுங்கள். ஒரே சாளரத்தில் இயங்கும் இரு செயல்களுக்கு ஒரே விசை அமைந்தால் க்யூட்டி இரண்டில் எதையும் இயக்காது. முனையத்தில் ஓர் எச்சரிக்கை வரி வருவதோடு சரி, பயனருக்கோ விசை பழுதானதாகவே தோன்றும். அந்த விசை எந்தச் செயலிடம் இருக்கிறது என்று காட்டி, மாற்றவா வேண்டாமா என்று கேட்பதே முறை. ஆனால் ஒருபோதும் ஒருங்கே இயங்காத இரு பகுதிகள் ஒரே விசையைப் பகிரலாம். அதை மோதல் என்று தடுக்காதீர்கள்.

இயல்புநிலை விசைகளைத் தேர்ந்தெடுக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் எழுத்தோடு சேர்ப்பதை அறவே தவிருங்கள். விண்டோஸில் ஆல்ட்ஜிஆர் விசையும் (பல ஐரோப்பிய விசைப்பலகைகளில் வலப்பக்க ஆல்ட்) அந்த இரண்டும் சேர்ந்ததும் ஒன்றே. ஜெர்மன் விசைப்பலகையில் அதனுடன் க்யூவை அழுத்தினால்தான் மின்னஞ்சல் முகவரியின் '@' குறி கிடைக்கும், போலந்து விசைப்பலகையில் அதனுடன் எஸ்ஸை அழுத்தினால் அவர்கள் நாள்தோறும் எழுதும் ஓர் எழுத்து வரும். உங்கள் செயலி அந்தச் சேர்க்கையைப் பறித்துக்கொண்டால், அவர்களால் அதில் தம் மொழியையே முழுமையாக எழுத முடியாது.