குளத்தங்கரை ஈரத்தில் எப்போதும் பச்சையாக நிற்கும் செடிகள்

குமரி மாவட்டம் தேரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் தோட்டம் குளத்தில் போய் முடிகிறது. கரையோரம் பத்தடி அகலத்துக்கு மண் எப்போதும் ஈரமாகவே கிடக்கும். நிழல் கிடையாது, நாள் முழுக்க வெயில். செம்பருத்தியும் பிச்சியும் வைத்தேன், மழைக்காலத்தில் மஞ்சளித்துப் பட்டுப்போயின. வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்க என்ன வைக்கலாம்?"

உங்கள் செடிகள் பட்டுப்போனதற்குப் பெரும்பாலும் வேர் மூச்சு முட்டியதுதான் காரணம். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்தால் காற்றுக்கு இடமில்லை, வேர் அழுகிவிடும். குமரியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால் செடியின் பெயரைத் தேடும் முன் உங்கள் மண்ணைப் பாருங்கள். கரையிலிருந்து இரண்டடி, ஐந்தடி, பத்தடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் மேலிருந்து அரையடிக்குள் தண்ணீர் நின்றால் அது சதுப்பு. மண் நீலச் சாம்பல் நிறமாகி அழுகிய முட்டை வாடை அடித்தாலும் அப்படித்தான். அடியில் மட்டும் ஊறியிருந்தால் புதர்ச்செடிகள் தாங்கும்.

சதுப்பாக உள்ள இடத்துக்கு என் முதல் தேர்வு விஷமூங்கில். நர்சரியில் கிரைனம் லில்லி என்று கேளுங்கள். பட்டையான நீள இலைகள், வெள்ளைப் பூ, அந்தி நேரத்தில் நல்ல மணம். வெயிலும் ஈரமும் சேர்ந்த இடம்தான் அதற்குப் பிடிக்கும். ஒரே தொல்லை கறுப்பு வெள்ளைப் புழு. இலையில் வெளிறிய திட்டு தெரிந்தால் மடலை விலக்கிப் பாருங்கள், குருத்தின் இடுக்கில் கூட்டமாக இருக்கும். கையால் எடுத்துவிட்டாலே போதும், குளத்தருகே மருந்து அடிக்க வேண்டாம். கிழங்கு நச்சு, குழந்தைகள் இருந்தால் கவனம்.

அதோடு கல்வாழை வைக்கலாம். பூத்து முடிந்த தண்டை அடியோடு அறுத்தால் புதுக்குருத்து வந்துகொண்டே இருக்கும். தரையை மூட வல்லாரையும் நீர்ப்பிரமியும் போதும். கரை சரிகிறதென்றால் தண்ணீர் விளிம்பை ஒட்டி வெட்டிவேரை அரையடிக்கு ஒன்றாக வரிசை போடுங்கள். வேர் பத்தடி ஆழம் வரை நேராக இறங்கி மண்ணைப் பிடிக்கும், சில நாள் முங்கிக் கிடந்தாலும் சாகாது.

தாழையும் நல்ல காவல்தான். ஆனால் முள்ளும் படர்ச்சியும் அதிகம், ஆள் நடமாடாத மூலைக்கு மட்டும்.

மரம் ஆசை இருந்தால் பத்தடிப் பட்டையைத் தாண்டி வையுங்கள். பூவரசும் புன்னையும் ஏற்றவை. பூவரசுக்கு ஒரு போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டாலே வேர்விடும். புன்னை மெதுவாகத்தான் வளரும், ஆனால் அந்தப் பளபளக்கும் தடித்த இலைக்காகக் காத்திருக்கலாம். எப்போதும் பச்சை என்றால் இலையே உதிராது என்று அர்த்தமில்லை. வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். தண்ணீரில் விழுந்து மக்கும்போது மீனுக்கு வேண்டிய பிராணவாயுவை அது எடுத்துக்கொள்ளும், அதனால்தான் மரத்தைத் தள்ளி வைக்கச் சொல்கிறேன்.

நடுவதற்குக் கும்பப்பூ நெல் அறுப்பு முடிகிற மாசி வாக்கு நல்ல நேரம். மழை ஓய்ந்திருக்கும், ஜூனுக்குள் வேர் பிடித்துவிடும். பூவரசு, புன்னைக்கு நடும் இடத்தில் ஒரு முழ உயரம் மண் அணைத்து மேட்டில் நடுங்கள். யூரியாவோ பச்சைச் சாணமோ கரையில் போடாதீர்கள். மழையில் கரைந்து குளத்தில் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும்தான் கொழுக்கும். அப்புறம், கரை பொதுக்குளத்தின் எல்லைக்குள் வந்தால் அனுமதி இல்லாமல் எதுவும் நட வேண்டாம். உங்கள் பட்டா எல்லையை அளந்து பார்த்துவிட்டே குழி வெட்டுங்கள்.