இருபத்தோரு அங்குல முன்சக்கரமும் ஈரத் தாரும்: டயர் கேள்வி பதில்

சேலத்தில் இருசக்கர வண்டி டயர்க் கடையில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஏற்காடும் கொல்லிமலையும் பக்கத்திலேயே இருப்பதால் ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் போன்ற, 21 அங்குல முன்சக்கரத்தோடு தாரிலும் மண்ணிலும் ஓடும் அட்வெஞ்சர் வண்டிகள் நிறைய வருகின்றன. இந்த வண்டிகளுக்குத் தார்ச்சாலை டயர் தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (தாம்பரம்): ஹிமாலயன் 411 வைத்திருக்கிறேன். தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் 40 கிலோமீட்டர், ஆண்டுக்கு இரண்டு முறை மலைப்பயணம். 80/20 டயர் வாங்கவா, 50/50 வாங்கவா?

பதில்: நீங்கள் சொன்ன கணக்கில் மண்ணே இல்லை. மலைக்குப் போனாலும் தார்ச்சாலையில்தான் ஏறி இறங்குகிறீர்கள். 80/20 என்றால் 80 பங்கு தாருக்கு, 20 பங்கு மண்ணுக்கு. அதை வாங்குங்கள், அதைவிடச் சாலைப் பக்கம் சாய்ந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் இந்த 80/20, 50/50 என்பதெல்லாம் தயாரிப்பாளர்கள் தாங்களே சொல்லிக்கொள்ளும் எண்கள். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவருடைய 70/30 இன்னொருவருடைய 50/50 ஆக இருக்கும். அதனால் எண்ணை நம்பாமல் டயரைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

முதலில் நடுப்பகுதி. நிமிர்ந்து ஓட்டும்போது தாரைத் தொடுவது அதுதான். அங்கே ரப்பர் தொடர்ச்சியாக, அல்லது மிக நெருக்கமாக இருக்க வேண்டும். டயர் மேல் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டைகளுக்கு நடுவில் கட்டைவிரல் எளிதாகப் புகுந்தால் அது உங்களுக்கான டயர் அல்ல. அடுத்து ஒரு கட்டையைப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். உங்கள் விரலுக்கே நெளிகிறது என்றால், பிரேக் பிடிக்கும்போது 200 கிலோ வண்டிக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். மண்ணில் டயர் பல்லைப்போல் கடித்து முன்னேறுகிறது. அதற்கு ஆழமான பள்ளங்கள் வேண்டும். தாரில் கடிப்பதற்கு எதுவும் இல்லை. அங்கே ரப்பர் ஒட்ட வேண்டும், ஒட்டுவதற்குப் பரப்பு வேண்டும். உயரமான கட்டைகள் தாரில் நெளிந்து சூடேறுகின்றன, சீக்கிரம் தேய்கின்றன, இரைகின்றன. மழையில் வெள்ளைக் கோட்டின் மேலும் பாலத்து இரும்பு இணைப்பின் மேலும் போகும்போது தொடும் பரப்பு குறைந்த டயர் எப்படி நழுவும் என்பதை அனுபவித்தவர்களைக் கேளுங்கள்.

மூன்றாவதாக ஓரப்பகுதி. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது அந்த ஓரம்தான் தாங்குகிறது. நடுவில் அழகாக இருந்து, ஓரத்தில் தனித்தனிக் கட்டைகளாக நிற்கும் டயர்கள் உண்டு. வளைவில் அவை திடீரென்று குணம் மாறும்.

ஓர் அளவுகோல் சொல்கிறேன். பிரெல்லி எம்.டி.60 என்றொரு டயர் உண்டு. அதை நடுக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கட்டைகள் நெருக்கமாக இருப்பது சாலைப் பக்கம், விலகி இருப்பது மண் பக்கம்.

வாங்கும் முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 1824 என்றால் 2024ஆம் ஆண்டின் 18ஆவது வாரம்.

கேள்வி (திருச்சி): என் ஹிமாலயனுக்குப் பின்னால் 120/90-17. கடையில் அது இல்லை, 130/80-17 போடலாம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: இது நியாயமான மாற்று. கணக்கைப் பாருங்கள். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 120இல் 90 சதவீதம் 108. மேலும் கீழுமாக 216. 17 அங்குல ரிம் 431.8 மில்லிமீட்டர். மொத்த விட்டம் ஏறத்தாழ 648. அதேபோல் 130/80க்குப் போட்டால் 640 வரும். வித்தியாசம் எட்டு மில்லிமீட்டர்தான்; வண்டி நான்கு மில்லிமீட்டர் தாழும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. சாலை டயர்களில் 130/80-17 அளவில் தேர்வு அதிகம் என்பதால் பலர் இதற்கு மாறுகிறார்கள். போட்ட பிறகு செயினுக்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் டயர் உரசாமல் இடைவெளி இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. 64 என்றால் 280 கிலோ, 65 என்றால் 290 கிலோ.

தேதி பார்க்க மறக்காதீர்கள்.

கேள்வி (மதுரை): அதே வண்டிக்கு 150 அகல டயர் போட்டால் பிடிமானம் கூடும் அல்லவா? பார்க்கவும் நன்றாக இருக்கும்.

பதில்: பிடிமானம் அதிகமாகாது. குறுகலான ரிம்மில் அகலமான டயரைப் போட்டால் இரு பக்கமும் உள்ளே இழுக்கப்பட்டு நடுப்பகுதி கூம்பி நிற்கும். தாரைத் தொடும் பரப்பு குறையும், வளைவில் வண்டி தயங்கித் தயங்கிச் சாயும்.

கேள்வி (ஓசூர்): காற்று எவ்வளவு வைப்பது? மெக்கானிக் முன்னும் பின்னும் 35 பி.எஸ்.ஐ. அழுத்தம் வைத்துவிடுகிறார்.

பதில்: வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவுதான். தனியாக ஓட்ட ஒரு அளவு, பின்னால் ஆள் இருந்தால் இன்னோர் அளவு கொடுத்திருப்பார்கள். இந்த வண்டிகளின் முன் டயர் ஒல்லியானது, அதன் மேல் எடையும் குறைவு. அதில் 35 வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும், துள்ளும் டயர் சாலையைப் பிடிக்காது. காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு பங்க்கில் நிறுத்திப் பார்ப்பது தவறான எண்ணைத்தான் காட்டும்.

கேள்வி (வால்பாறை): அண்ணா, உங்கள் முதல் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை. முன்னால் பட்டன் டயர் (கட்டைகள் விலகி நிற்கும் மண் டயர்), பின்னால் சாலை டயர். இதுதான் சரியான ஜோடி. பின் டயர் நழுவினால் சமாளிக்கலாம், முன் டயர் நழுவினால் கீழேதான். அதனால் அதிகக் கடி உள்ளது முன்னால் இருக்க வேண்டும்.

பதில்: தம்பி, நல்ல கேள்வி. உங்கள் விதி சரி. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. முன் டயர் நழுவினால் விழுவோம் என்பது உண்மை. அப்படியானால் நீங்கள் அதிகம் ஓட்டும் தரையை எது நன்றாகப் பிடிக்குமோ அதுதான் முன்னால் இருக்க வேண்டும். எஸ்டேட்டுக்குள் சேற்றுப் பாதை என்றால் பட்டன். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் தார். மழையில் அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் டயர்தான் செய்கிறது. அந்த நேரத்தில் பட்டன் டயரின் நான்கைந்து கட்டைகளின் நுனி மட்டும் ஈரத் தாரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

2017 ஐப்பசியில் நானும் உங்களைப்போல்தான் நினைத்தேன். முன்னால் பட்டன், பின்னால் சாலை டயர். கொல்லிமலை இறக்கத்தில், எழுபது வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை. தூறல்தான், வேகமும் இல்லை. பிரேக்கைத் தொட்டேன், முன்சக்கரம் காணாமல் போனது. முழங்கால் மூட்டில் ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். எதிரே பேருந்து வராதது என் நல்ல காலம்.

கேள்வி (ஊட்டி): நான் வால்பாறை நண்பர் பக்கம். கல்லட்டி இறக்கத்தில் நான்கு ஆண்டுகளாக அதே ஜோடியில் ஓட்டுகிறேன். விழுந்ததில்லை. ஏ.பி.எஸ். இருக்கும்போது என்ன பயம்?

பதில்: விழாமல் இருப்பதற்கு உங்கள் நிதானம் காரணம், டயர் அல்ல. கல்லட்டியின் முப்பத்தாறு வளைவுகளை முதல் கியரில் இறங்குகிறவர் எந்த டயரிலும் இறங்கிவிடுவார். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்காது. பிடிமானம் குறைந்த டயரில் அது சீக்கிரமே வேலை செய்யத் தொடங்கும், வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடும். எதிரே மாடு நிற்கும்போது அந்தத் தூரம்தான் கணக்கு.

கேள்வி (வால்பாறை, மீண்டும்): சரி அண்ணா. ஆனால் என் வீட்டுக்குக் கடைசி ஆறு கிலோமீட்டர் செம்மண், மழைக்காலம் முழுக்கச் சேறு. தினமும் போக வேண்டும். சாலை டயரோடு நான்தான் தள்ள வேண்டும்.

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தினமும் சேறு என்றால் உங்கள் ஜோடி உங்களுக்குச் சரி. நான் மாற்றச் சொல்லவில்லை. தாரில் இறங்கும்போது முன் பிரேக்கை மெதுவாக, முன்கூட்டியே பிடித்துப் பழகுங்கள். இடைப்பட்ட வழியும் உண்டு: நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கொஞ்சம் விலகியும் கட்டைகள் உள்ள டயரை முன்னும் பின்னும் போட்டு, சேற்றுக்குள் நுழையும் முன் நான்கைந்து பி.எஸ்.ஐ. குறைத்து, தாருக்கு வந்ததும் ஏற்றிக்கொள்வது. கைப்பம்பு ஒன்று பையில் இருக்க வேண்டும். ஆனால் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டுகிறவர் உங்களைப் பார்த்து முன்னால் பட்டன் போடுவதைத்தான் நான் தடுக்கிறேன்.

கேள்வி (கரூர்): எந்த கம்பெனி டயர் சிறந்தது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (நாமக்கல்): எக்ஸ்பல்ஸ் 200க்குப் பின்னால் 140 போடலாமா?

பதில்: மதுரைக்காரருக்குச் சொன்ன அதே பதில். அதன் அளவு 120/80-18. அதிலேயே இருங்கள்.

கேள்வி (புதுச்சேரி): ஸ்போக்ஸ் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் போட்டால் பஞ்சர் தொல்லை போய்விடுமா?

பதில்: போகாது. சாதாரண ஸ்போக்ஸ் ரிம்மில் ஒவ்வொரு ஸ்போக்ஸ் துளை வழியாகவும் காற்று போய்விடும். அதனால் டியூப்லெஸ் என்று அச்சிட்ட டயருக்குள்ளும் டியூப் போட்டே ஆக வேண்டும். டயர் மாற்றும்போது டியூபையும் ரிம் டேப்பையும் புதிதாகப் போடுங்கள். ரிம்மின் துளைகளை ஒட்டி அடைத்து டியூப்லெஸ் ஆக்கும் வேலையை நான் செய்வதில்லை. அதைப் பற்றிச் செய்கிறவரிடம் கேளுங்கள்.

கேள்வி (வேலூர்): புது சாலை டயர் போட்டேன், வழுக்குகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. புது ரப்பரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பளபளப்புக்காக யாராவது டயரில் பாலிஷ் தடவியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கேள்வி (தர்மபுரி): செயின் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): அப்பாவின் பழைய ஹிமாலயனை இப்போது நான் ஓட்டுகிறேன். வண்டி பெரும்பாலும் நின்றே இருந்தது. டயரில் பட்டை முழுதாக இருக்கிறது, தேதி 2217. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஏற்காடு போக நினைக்கிறேன். மாற்ற வேண்டுமா? பட்டை இருக்கிறதே என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றுங்கள். பயணத்துக்கு முன் மாற்றுங்கள். 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்து ரப்பர் அது. பட்டை தேயாவிட்டாலும் ரப்பர் இறுகிவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், கல்போல் இருக்கும். கட்டைகளின் அடியில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் ஊருக்குள்கூட ஓட்டாதீர்கள். இரண்டு டயரும் இரண்டு டியூபும் சேர்த்து மாற்றுங்கள், முன்னால் சாலை டயராகவே போடுங்கள். அம்மா உட்காரும்போது பின்னால் கையேட்டில் ஆள் உள்ள அளவுக்குக் காற்று வையுங்கள். புது டயரோடு நேராக ஏற்காடு ஏற வேண்டாம். ஒரு வாரம் ஈரோட்டுக்குள் ஓட்டிவிட்டு, மழை இல்லாத காலையில் கிளம்புங்கள்.