ஜிப் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டும் உள்ளிருக்கும் பெயர்கள் தெரிகின்றனவே?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் பகுதிச் சிறு தேயிலை விவசாயிகள் குழுவின் கணக்கை நான் பார்த்துவருகிறேன். உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், சிட்டா ஆகியவற்றை ஸ்கேன் செய்து, ஜிப் கோப்பாக்கி, கடவுச்சொல் போட்டு, கோவையில் உள்ள தணிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். கடவுச்சொல் கொடுக்கும் முன்பே கோப்புகளின் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன என்று அவர் அலுவலகத்தில் சொல்கிறார்கள். பூட்டு சரியாக விழவில்லையா?”

பூட்டு விழுந்திருக்கிறது. ஆனால் ஜிப் வடிவத்தில் அது ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்துக்கும் தனித்தனியாக விழுகிறதே தவிர, கோப்புகளின் பட்டியலுக்கு விழுவதில்லை. பெயர், அளவு, கடைசியாகத் திருத்திய தேதி ஆகிய மூன்றும் யார் கண்ணுக்கும் தெரியும். உறுப்பினர் பெயர், ஹட்டியின் (படுகர் ஊரின்) பெயர், சர்வே எண் என்று கோத்துக் கோப்புக்குப் பெயர் வைக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், ஒரு பக்கத்தைக்கூடத் திறக்காமல் யாருக்கு எங்கே நிலம் இருக்கிறது என்பதை ஒருவர் வரிசையாகப் படித்துவிட முடியும். தனித்தனிப் பூட்டு என்பதால் மற்றொரு சிக்கலும் உண்டு: விடுபட்ட ஒரு நகலைப் பிறகு அதே ஜிப்புக்குள் சேர்க்கும்போது கடவுச்சொல்லை மறுபடி கொடுக்காவிட்டால், அந்த ஒன்று மட்டும் பூட்டில்லாமல் மற்றவற்றோடு போய்ச் சேரும்.

பெயர்கள் தெரிவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பூட்டின் வகைதான். நீங்கள் அனுப்பிய கோப்பைச் செவன்-ஜிப் மென்பொருளில் திறந்து, ‘மெத்தட்’ என்ற பத்தியைப் பாருங்கள். ‘ஏஇஎஸ்-256’ என்று இருந்தால் அது வலுவான பூட்டு முறை, கவலை குறைவு. ‘ஜிப்கிரிப்டோ’ என்று இருந்தால் அது ஜிப் வடிவத்தின் தொடக்க காலத்து முறை. எலி பிஹாம், பால் கோச்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-லேயே அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். பூட்டப்பட்ட கோப்புகளில் ஏதேனும் ஒன்றின் உள்ளடக்கத்தில் ஒரு சிறு துண்டு, 12 பைட்டுகள் அளவுக்கு, முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும். கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்காமலே உள்சாவியைக் கணக்கிட்டு, அதே கடவுச்சொல்லால் பூட்டிய மற்ற எல்லாக் கோப்புகளையும் திறந்துவிடலாம். இணையத்தில் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய வெற்று விண்ணப்பப் படிவம் ஒன்றை உங்கள் ஆதார் நகல்களோடு சேர்த்து அதே ஜிப்பில் வைத்தீர்கள் என்றால், உடைப்பவருக்குத் தேவையான அந்தத் துண்டை நீங்களே கொடுத்ததாக ஆகிறது. செவன்-ஜிப்பில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் மாற்றாதவரை இந்தப் பழைய முறையே தானாக அமையும் என்பதுதான் இதில் வருத்தத்துக்குரியது.

ஆகவே என் பரிந்துரை, ஜிப்பை விட்டுவிட்டு ‘7இசட்’ வடிவத்துக்கு மாறுவது. ஸ்கேன் கோப்புகள் உள்ள ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, ‘ஆட் டு ஆர்கைவ்’ என்பதைத் திறந்து, வடிவத்தை ‘7இசட்’ என்று மாற்றுங்கள். கடவுச்சொல்லை இரு முறை கொடுத்த பின், அதன் கீழேயே உள்ள ‘என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்’ என்ற சிறு கட்டத்தில் டிக் செய்யுங்கள். அதைச் செய்தால்தான் பட்டியலும் பூட்டுக்குள் போகும். பலரும் தவறவிடுவது அந்த ஒரு கட்டத்தைத்தான். இந்த வடிவத்தில் ஏஇஎஸ்-256 தவிர வேறு முறை கிடையாது என்பதால், தவறாகத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை.

இனிக் கடவுச்சொல். இ-ஆதார் பிடிஎஃப் கோப்பைப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல்லால் திறந்து பழகிவிட்டதால், நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் அதே பாணியைக் கையாள்கிறார்கள். பிறந்த தேதி என்றால் நூறு ஆண்டுகளுக்கும் சேர்த்து 36,525 தேதிகள்தான். எந்த முறையில் பூட்டியிருந்தாலும் ஒரு கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கைபேசி எண் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்குவதால், அதிகபட்சம் 400 கோடி வாய்ப்புகள். பழைய ஜிப் பூட்டுக்கு எதிரே அதுவும் சிறிய எண்ணிக்கைதான். 7இசட் வடிவம் ஒவ்வொரு முயற்சியின்போதும் கடவுச்சொல்லை 5,24,288 சுற்று அரைத்த பிறகே சாவியை உருவாக்குகிறது. ஏஇஎஸ் ஜிப்பில் அது 1,000 சுற்று மட்டுமே. இந்த வேறுபாடு ஊகிப்பவரை வெகுவாகத் தாமதப்படுத்தும் என்றாலும், பலவீனமான சொல்லைக் காப்பாற்றாது. அகராதியைக் கண்ணை மூடிப் புரட்டி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை எடுத்து, ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வது நல்ல வழி. தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்தால், வேறொரு கணினியில் அது ஏற்கப்படாமல் போகக்கூடும். மறந்துவிட்டால் மீட்டுத் தர எவராலும் இயலாது. ஆகையால் தாளில் ஒரு பிரதி எழுதி அலுவலக பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதி அனுப்புவதும், ‘பாஸ்வேர்டு அடுத்த மெயிலில்’ என்று இரண்டாவதாக ஒன்று அனுப்புவதும் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. தொலைபேசியில் நேரடியாகச் சொல்லுங்கள். விண்டோஸில் உள்ளமைந்த வசதி பொதுவாக ஏஇஎஸ் பூட்டைத் திறக்காது என்பதால், தணிக்கையாளர் அலுவலகத்திலும் செவன்-ஜிப்பை நிறுவச் சொல்லுங்கள், அது இலவசம்.

ஸ்கேன் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் அளவு பெரிதாகக் குறையாது. ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. அனுப்பும்போது இணைப்புக் கோப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். ‘ஸ்ப்ளிட் டு வால்யூம்ஸ்’ என்ற இடத்தில் 10 எம்பி என்று கொடுத்தால் கோப்பு துண்டு துண்டாக அமையும். மழைக்காலத்தில் டவர் விட்டு விட்டுக் கிடைக்கும் ஊர்களில், அறுந்துபோன ஒரு துண்டை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். எல்லாத் துண்டுகளும் ஒரே ஃபோல்டரில் இருந்தால்தான் திறக்கும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

பூட்டிய கோப்பை இருமுறை கிளிக் செய்து பார்க்கும்போது, மென்பொருள் அதன் பூட்டில்லாத பிரதி ஒன்றைக் கணினியின் தற்காலிக ஃபோல்டரில் எடுத்து வைக்கிறது. மூடியதும் அது நீக்கப்பட வேண்டும். நடுவில் கரண்ட் போய்விட்டால் அங்கேயே தங்கிவிடும். கடைவீதியில் உள்ள பிரவுசிங் சென்டர் கணினியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம். ஸ்கேன் செய்த மூலக் கோப்புகளையும் ரீசைக்கிள் பின்னிலிருந்து நீக்குங்கள்.

ஏற்கெனவே அனுப்பியவற்றை இரு தரப்பு அஞ்சல் பெட்டியிலும், குப்பைப் பகுதி உட்பட, அழித்துவிட்டுப் புதிய வடிவில் அனுப்புங்கள். அதற்கு முன் தணிக்கையாளரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே அவருக்குப் போதுமானால், உறுப்பினர்கள் ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே அதை இறக்கித் தரலாம்.